முத்துவின் பறவை



மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஏ-9 வீதியில் சென்றால் சுமார் மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரையின் பாறைக் குகைகளைக் காணலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழி வந்த பௌத்த மறைநூல்களைப் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் இது என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலம் அது. ஓதுகிறவர் மடிந்தால் ஓதியதும் மடிந்துவிடுமே என்ற அச்சம்தான் அவர்களை எழுத்தாணி எடுக்கவைத்தது.

அந்த அச்சம் மறைநூலுக்கு மட்டும் உரியதன்று.

அதே வழியில் வடக்கே போய், அநுராதபுரத்துக்கு மேற்கே திரும்பினால் வில்பத்துக் காடு. 1938இல் தேசிய பூங்காவானது. மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்களை அங்கு 'வில்லு' என்பார்கள். வில்லுக் கரையிலே வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் உண்டு. மாரி தொடங்கியதும் வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் தாராக்களும் உள்ளான்களும் நம் நாரை, கொக்குகளோடு அந்த நீரில் கலந்துவிடும். அவற்றை விறாந்தையில் இருந்தே பார்க்கலாம். ஆனால் பறவையை முதலில் காண்பது பெரும்பாலும் விருந்தாளியின் தொலைநோக்கி அன்று. கூட வரும் வழிகாட்டியின் வெறுங்கண்.

அன்றும் அப்படித்தான். 1846இல் இலங்கைக்கு வந்த எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் பறவைகளைத் தேடித் தீவெங்கும் திரிந்தார். பருத்தித்துறையில் ஒருநாள் காலை, அவருடைய பணியாளான முத்து ஒரு சிறு பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு மார்புள்ள ஈப்பிடிப்பான் அது. 1854இல் அதனை அறிவியல் உலகுக்கு அறிவித்த லேயார்ட், தம் பெயரைச் சூட்டவில்லை. முத்துவின் பெயரையே சூட்டினார். தம்முடைய சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமைக்கும் விடாமுயற்சிக்குமே கடன்பட்டதாகவும் எழுதினார். 'மசிக்காபா முத்துயி' என்றே இன்றும் உலகம் அதனை அழைக்கிறது.

பின்னர் 1878 முதல் 1880 வரை வெளிவந்த வின்சென்ட் லெக்கின் பெருநூலிலும், 1955இல் வந்த ஜி. எம். ஹென்றியின் கைநூலிலும் பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்கள் இடம்பெற்றன. அப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள் வேடரும் மீனவரும் உழவருமாகவே இருந்திருப்பர். முத்துவுக்குக் கிடைத்த பேறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

காடும் அமைதியாக இருக்கவில்லை. 1985இல் வில்பத்துவில் பணியிலிருந்த ஊழியர் பலர் கொல்லப்பட்டனர். பூங்கா மூடப்பட்டது. 2003இல் திறந்து, திரும்பவும் மூடி, 2010இல் மறுபடி திறந்தார்கள். பறவைகள் வழிதவறாமல் வந்தன. ஆனால் காட்டை விட்டும் கரையை விட்டும் பெயர்ந்த மனிதரோடு எத்தனை பறவைப் பெயர்கள் பெயர்ந்துபோயின!

அலுவிகாரைக்கும் அழிவு வந்தது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிகள் நாசமாயின. எனினும் அதற்குமுன்பே பல ஊர்களில் படியெடுக்கப்பட்டிருந்ததால் மறைநூல்கள் பிழைத்தன.

நேயர்களே, உங்கள் வீட்டு முதியவரிடம், குளக்கரையில் நிற்கும் பறவைக்கு என்ன பெயர் என்று இன்றைக்கே கேளுங்கள். சொன்ன பெயரோடு, சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள்.