சோவியத் தமிழ் நூல்கள்: பரப்புரையும் வாசிப்பும்

சோவியத் ஒன்றியம் தன் கொள்கைகளை உலக மக்களிடம் கொண்டு செல்லப் பல மொழிகளில் நூல்களை அச்சிட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. இந்நூல்கள் ஒரு கட்சி அரசின் பரப்புரைக் கருவிகளாக உருவானவை. ஆயினும் தமிழ் வாசகர்கள் அவற்றை இலக்கியமாகவே பெரிதும் வாசித்தனர். ஒரே நூல் இரு நாடுகளில் இரு வேறு விதமாக வாசிக்கப்பட்டதன் காரணம், அந்நாடுகளின் அச்சுலகம் இயங்கிய முறையில் உள்ளது.

அச்சும் அரசும்

சோவியத் ஒன்றியத்தில் அச்சகம், பதிப்பகம், நாளிதழ், வானொலி, திரைப்படம் அனைத்தும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1922-இல் 'கிளாவ்லித்' என்னும் தணிக்கைத் துறை அமைக்கப்பட்டது. 1934-இல் நடந்த சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு, சோசலிச யதார்த்தவாதத்தை எழுத்தாளர்கள் பின்பற்ற வேண்டிய நெறியாக அறிவித்தது.

சிவகாசியின் அச்சுத் தொழில் இதற்கு நேர் மாறானது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடுவதில் தொடங்கி வளர்ந்த இத்தொழிலில், சாமி படக் காலண்டரையும் எந்தக் கட்சியின் சுவரொட்டியையும் அச்சிட்டுக்கொள்ள முடியும். ஒரு கட்சியின் சுவரொட்டிக்கு அருகிலேயே எதிர்க்கட்சியின் சுவரொட்டியும் ஒட்டப்படும். மாஸ்கோவின் சுவர்களில் அந்த இரண்டாவது சுவரொட்டிக்கு இடமிருக்கவில்லை.

தமிழுக்கு வந்த வழி

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம், அறிவியல் நூல்களுக்கான மீர் பதிப்பகம் ஆகியவை தமிழ் நூல்களை வெளியிட்டன. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் முதலியோர் மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்த்தனர். 1951-இல் சென்னையில் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிலையம் தமிழ்நாட்டில் இந்நூல்களை விற்றது. சோவியத் அரசின் மானியத்தால் கெட்டி அட்டை போட்ட நூல்கள்கூட மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. தூதரகம் வெளியிட்ட 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள், மாணவர்கள் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடவும் பயன்பட்டது.

லெனின் நூல்களுடன் புரட்சிக்கு முன்பே மறைந்த டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் ஆகியோரின் படைப்புகளும் வந்தன. வாசகர்களை ஈர்த்தவற்றில் இவை முதன்மையானவை. விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், டால்ஸ்டாயின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 'மண்டியிடுங்கள் தந்தையே' என்னும் நாவலை எழுதியுள்ளார்.

முதல் ஆசிரியர்

கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்' தமிழில் பரவலாக வாசிக்கப்பட்ட குறுநாவல். தானே அரைகுறையாகப் படித்த தூய்ஷேன் என்னும் இளைஞன், ஒரு குதிரை லாயத்தைப் பள்ளியாக்கி, சுவரில் லெனின் படத்தை மாட்டிப் பாடம் சொல்லித் தருகிறான். கட்டாய மணத்துக்கு விற்கப்பட்ட அல்தினாய் என்னும் அனாதைச் சிறுமியை மீட்டுப் படிக்க அனுப்புகிறான். பின்னாளில் அவள் பெரிய அறிஞராகிறாள்.

சோவியத் ஆட்சி கல்வி தந்தது என்ற செய்தி இக்கதையில் வெளிப்படையாக உள்ளது. எழுத்தறிவைப் பரப்பியதில் அந்த ஆட்சி கண்ட வெற்றியும் உண்மையே. சிவகாசியிலும் அதை அடுத்த எம். புதுப்பட்டி போன்ற ஊர்களிலும் இருந்த வாசகருக்கு இக்கதை தொலைதூரத்துக் கதையாக இருந்திருக்காது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது குறித்த வழக்கில், அவர்களை விடுவித்துக் கல்வி அளிக்க உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்றுதான் தீர்ப்பளித்தது.

சொல்லப்படாதவை

ஐத்மாத்தவின் தந்தை தொரெகுல், கட்சியின் உயர் பொறுப்பில் இருந்தவர். ஸ்டாலின் காலக் களையெடுப்பில் கைதாகி 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு வயது ஒன்பது. தந்தையின் உடல் புதைக்கப்பட்ட இடம் 1991-இல்தான் தெரியவந்தது. மகனின் நூல்களை உலகெங்கும் அனுப்பிய அரசு, தந்தையின் புதைகுழியை 53 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது.

வசீலி கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவல் 1961-இல் பறிமுதல் செய்யப்பட்டபோது, கையெழுத்துப் படியுடன் தட்டச்சு நாடாக்களையும் உளவுத்துறை எடுத்துச் சென்றது. அந்நாவல் 1988-இல்தான் சோவியத் நாட்டில் அச்சானது. இத்தகைய நூல்களை மாஸ்கோ தமிழில் தரவில்லை. வந்த நூல்களில் பல உயர்ந்தவை என்பதால், வராதவற்றை வாசகர் தேடவும் வாய்ப்பில்லாமல் போயிற்று.

எனினும் தமிழ்நாட்டில் மறுதரப்பும் அச்சில் இருந்தது. சோவியத் ஆட்சியை எள்ளிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலை க.நா. சுப்ரமண்யம் 'விலங்குப் பண்ணை' என மொழிபெயர்த்தார். அமெரிக்கத் தகவல் நிலையம் சென்னையில் நூலகம் நடத்தியது. இங்கே சோவியத் நூல் பல குரல்களில் ஒன்று. எனவே வாசகர் அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க முடிந்தது. சோவியத் குடிமகனுக்கு அச்சில் வந்த ஒரே குரல் அதுதான். மறுக்கும் நூலைத் தட்டச்சு செய்து இரகசியமாகக் கைமாற்றுவதற்கும் அவர் சிறையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மாஸ்கோவிலிருந்து தமிழ் நூல்கள் வருவதும் நின்றது. அவற்றுள் பலவற்றைத் தமிழ்ப் பதிப்பகங்கள் மறுபதிப்பாக வெளியிட்டு வருகின்றன. அரசின் மானியம் இல்லாமலேயே அவை இன்று விலை கொடுத்து வாங்கப்படுகின்றன.