பார்க் ஸ்டேஷன் தெரியும்... அந்த 'பார்க்' எங்கே போச்சு?

குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போகும் அருமனைக்காரங்க, எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு மின்சார ரயில் பிடிச்சா, அடுத்த ஸ்டேஷன் 'பார்க்'. வெளியே வந்து பார்த்தா ரோடு, பாலம், கூட்டம். பூங்காவைக் காணோம். ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்தது இல்லை.

யார் அமைத்தது?

1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவெலியன். நெரிசலான பிளாக் டவுன் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்கள் காற்று வாங்க அவர் திட்டமிட்டதுதான் 'பீப்பிள்ஸ் பார்க்'. பரப்பு 116 ஏக்கர். இன்றைய செம்மொழிப் பூங்கா சுமார் 20 ஏக்கர்தான். குளங்கள், பாதைகள், பேண்ட் வாத்திய மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் உள்ளேயே இருந்தன.

எப்படி காணாமல் போச்சு?

* 1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹால் கட்ட ஒரு துண்டு போனது.

* 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1985-ல் அது தீயில் அழிந்தது. இப்போது அங்கே சென்ட்ரல் புறநகர் ரயில் முனையம்.

* 1913-ல் மாநகராட்சிக்காக ரிப்பன் மாளிகை எழுந்தது.

* பின்னாளில் இன்னொரு பகுதி விளையாட்டு அரங்கம் ஆனது. இன்றைய நேரு ஸ்டேடியம் அங்கேதான் இருக்கிறது.

* மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போனது.

இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு பகுதிதான்.

யார் மேல் தப்பு?

டவுன் ஹால், மார்க்கெட், மாநகராட்சி, ஸ்டேடியம்... எல்லாமே மக்களுக்குத் தேவையானவைதான். ஒவ்வொரு முறையும் போனது 'கொஞ்சம் இடம்' மட்டுமே. கூட்டிப் பார்த்தா, பூங்காவே போயிடுச்சு.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டு விதிப்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி இடத்தில் 10% பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். மனை வாங்கும்போது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் 'பூங்கா' எங்கே என்று பாருங்க. அப்படியே நேரில் போய், அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறதா என்றும் பார்த்துடுங்க.