காதுக்குள் ஒரு சங்கு

சங்கை எடுத்துக் காதில் வைத்தால் கடல் சத்தம் கேட்கும் என்று சின்ன வயதில் உங்களுக்கும் யாராவது ஒரு ஆச்சியோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். கேட்கவும் செய்யும்! திருச்செந்தூர் கடைவீதியில் வாங்கிய சங்கை சேலத்தில் வைத்துக் கேட்டாலும் அலை அடிக்கும். உண்மையில் அங்கே கடலும் இல்லை, அலையும் இல்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஏதோ ஒரு சத்தம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. சங்கின் உள்ளறை அதில் தனக்குப் பிடித்த ஓசைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, பெரிதாக்கிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு வெற்று அறை, ஒரு வாய், ஒரு பாதை... இந்த மூன்றும் சேர்ந்தால் சத்தத்தைப் பெருக்கலாம். அதே மூன்றையும் வேறு விதமாக அடுக்கினால் சத்தத்தைத் தின்னவும் செய்யலாம். அப்படிச் சத்தம் தின்னும் சங்குக்கு நாம் சொல்கிற பெயர் சைலன்சர்!

சங்குக் கதையைச் சொல்லக் கொற்கையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பாண்டியர்களின் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டு கிரேக்கக் கடல் குறிப்பான 'பெரிப்ளூஸ்' இதை முத்துக்குளிக்கும் இடமாகச் சொல்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போய், இன்று கொற்கை சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாக அமைதியாகக் கிடக்கிறது. 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 என்று காலம் கணித்தார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், ரம்பத்தால் அறுத்த பழைய சங்குத் துண்டுகளை இந்த மண்ணில் கண்டார். வளையல் செய்ய அறுத்த சங்குகள் அவை. 1914-ல் சங்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார் அவர்.

இதே ஆற்றின் மேற்கோடியில், பாபநாசத்தில், ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை தொடங்கினார்கள். ஆலையின் ஊதலுக்கு நம் ஜனங்கள் வேறு பெயர் தேடவில்லை. அதுவும் 'சங்கு'தான். "மில் சங்கு ஊதியாச்சு, இன்னும் உலை வைக்கலியாட்டி?" என்று நேரம் பார்க்கிற அளவுக்கு அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு ரோட்டுக்கு மோட்டார் வண்டி வந்தது. ஆலைச் சங்கு ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஊதும். மோட்டார் வண்டியோ ஓடுகிற நேரமெல்லாம் ஊதும்!

ஏன் இவ்வளவு சத்தம்? கோலி சோடா உடைத்திருக்கிறீர்களா? அடைபட்டிருந்த வாயு 'டப்'பென்று வெளியே பாய்கிறது அல்லவா? எஞ்சினிலும் அதேதான். சிலிண்டருக்குள் எரிந்த வாயு பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. வால்வு திறந்ததும் ஒரு 'டப்'. ஆறு சிலிண்டர் லாரி நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 4,800 'டப்'. அதாவது நொடிக்கு 80. இத்தனை சோடாவை ஒருவர் உங்கள் காதருகே உடைத்தால் எப்படி இருக்கும்?

அந்தக் கஷ்டத்துக்கு முதலில் மருந்து தேடியவர்களில் இருவர் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள். 1897-ல் எஞ்சின் சத்தத்தை அடக்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்கர்கள் அதை 'மஃப்ளர்' என்றார்கள். ஆமாம், மார்கழிக் குளிரில் நம் ஊர்த் தாத்தாக்கள் காதைச் சுற்றிக் கட்டுகிறார்களே, அதே மஃப்ளர்தான்! நாமோ வெள்ளைக்காரர் வழியில் 'சைலன்சர்' என்கிறோம்.

இந்தச் சரித்திரத்தில் விசித்திரமான ஒரு அப்பாவும் பிள்ளையும் உண்டு. அப்பா ஹிரம் மாக்சிம், 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அதைச் சுட்டுச் சுட்டுப் பார்த்தே காது கேட்காமல் போனவர். பிள்ளை ஹிரம் பெர்சி மாக்சிம், மோட்டார் கார் எஞ்சினியர். 1909-ல் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்து காப்புரிமை பெற்றார். பிறகு அவரது கம்பெனி எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தது. அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார். பிள்ளை அதற்கு மூடி போட்டார்!

ஆனால், மூடி போட்டதை எல்லாரும் விரும்பவில்லை. ஆரம்பகாலச் சைலன்சர்கள் வாயுவை நெருக்கிப் பிடித்து, எஞ்சினின் இழுவையைக் குறைத்தன. அதனால் அந்தக் காலத்துக் கார்களில் 'கட்-அவுட்' என்று ஒரு திறப்பு வைத்தார்கள். அதைத் திறந்துவிட்டால் வாயு சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியே பாயும். மேட்டில் ஏற உதவும் என்றுதான் அதை வைத்தார்கள். ஓட்டியவர்களோ ஊருக்குள்ளே, கூட்டத்துக்கு நடுவிலே திறந்துவிட்டுப் பெருமையடித்தார்கள். நகரங்கள் பல தடை போட்டன. நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. எண்ணூரிலிருந்து லேலண்டும், 1954 முதல் டாடா-மெர்சிடிஸ் பென்ஸும் நம் சாலைகளை நிறைத்தன. திண்ணையில் கண்ணை மூடிப் படுத்திருப்பவர்கூடச் சத்தத்தை வைத்தே "இது லேலண்டு, இது டாடா" என்று சொல்லிவிடுவார். ஓட்டுநருக்கு வண்டியின் சத்தம் என்பது அதன் குரல். குரல் மாறினால் வண்டிக்கு என்ன நோவு என்று அவருக்குத் தெரியும். அந்தக் குரல் கம்பீரமாக இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்படுவதைக் குறை சொல்ல முடியுமா?

தூத்துக்குடிப் பக்கம் இந்த ஆசைக்கு வாய்ப்பும் அடிக்கடி வரும். உப்பளக் காற்று இரும்பை வெளியிலிருந்து தின்னும். புகையிலுள்ள ஈரமும் அமிலமும் உள்ளேயிருந்து தின்னும். சைலன்சர் ஓட்டை விழும். மாற்றியே ஆகவேண்டும். பட்டறையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, பழையது சவசவன்னு இருந்துச்சு. புதுசு கணீர்னு கேக்க மாதிரி வச்சுக் குடுங்க."

"வைக்கலாம் தம்பி. உள்ள இருக்க தகடெல்லாம் உருவிட்டு நேர் பைப்பா வச்சா கணீர்னுதான் கேக்கும். பொறவு மதுர ரோட்டுல ஏறி ஒரே சீரா போவும்போது மண்டைக்குள்ள வண்டு கொடையும். அப்ப என்னையத் திட்டக் கூடாது, பாத்துக்கோ!"

அண்ணாச்சி சொன்ன அந்த 'வண்டு'தான் விஷயமே. ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி ஓட்டும்போது சத்தம் ஏறி இறங்கும். காதுக்கு விருந்தாகக்கூட இருக்கும். நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போதுதான் ஊம்ம்ம்... என்று ஒரு முனகல் கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒத்து ஊதுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? காருகுறிச்சி அருணாசலம் மாதிரி மேதை வாசிக்கும்போது ஒத்து, ராகத்துக்கு நிழல் தரும். நாகஸ்வரமே இல்லாமல் ஒத்தை மட்டும் ஆறு மணி நேரம் கேட்டால்? அதுதான் நெடுஞ்சாலை முனகல்.

அந்த முனகல் ஏன் கேபினுக்குள் வந்து நிற்கிறது? 1863-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இசையின் ஓசைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஒவ்வொரு வெற்றுப் பாத்திரத்துக்கும் அதற்கே உரிய ஒரு ஓசை உண்டு என்று பித்தளை உருண்டைகளை வைத்துக் காட்டியவர் அவர். லாரி கேபினும் ஒரு பாத்திரம்தானே! நொடிக்கு 80 'டப்' என்று முன்னே கணக்குப் போட்டோம். அந்த ஓசையின் அலைநீளம் சாதாரணக் காற்றில் நாலேகால் மீட்டர். அதில் பாதி, இரண்டு மீட்டரும் கொஞ்சமும். ஒரு லாரி கேபினின் அகலமும் ஏறக்குறைய அதே! இப்படிப் பொருந்தும்போது அலையின் அழுத்தம் இரண்டு ஓரங்களிலும்தான் அதிகமாக இருக்கும். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதும் ஓரத்தில்தான். நாம் சங்கைக் காதில் வைத்துக் கேட்கிறோம். அவர் சங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

சைலன்சருக்குள் இரண்டு வித வேலை நடக்கிறது. ஒன்று, கண்ணாடிப் பஞ்சு சத்தத்தை உறிஞ்சுவது. துளை போட்ட நேர்க்குழாய், சுற்றிலும் பஞ்சு. வாயு தடையில்லாமல் ஓடும். ஆனால் பஞ்சு கீச்சுச் சத்தத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். அடித்தொண்டை முனகலை அதிகம் தொடாது. அதனால்தான் 'ஃப்ரீ ஃப்ளோ' என்று சொல்லி மாட்டுகிற பல குழாய்களில் வண்டு அப்படியே மிஞ்சிவிடுகிறது. இன்னொன்று, அறைகளும் தகடுகளும். அலையை மோதவைத்து, திருப்பியனுப்பி, ஒன்றால் ஒன்றை அழிக்கிற வேலை. பட்டறையில் உருவியெறிந்த தகடுகள், முனகலுக்குக் காவலாக நின்ற காவல்காரர்கள்! ஒழுங்காக வடிவமைத்த சைலன்சரில் இழுவை இழப்பு மிகச் சிறியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம்.எல். முஞ்சால் 1987-ல் இந்தக் குழாய்கள், சைலன்சர்களின் ஒலியியலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், உலகம் முழுக்க எஞ்சினியர்கள் புரட்டுகிற ஒன்று.

சத்தமும் வேண்டும், முனகல் மட்டும் வேண்டாம் என்றால்? அதற்கும் வழி உண்டு. புகைக்குழாயில் ஒரு கிளைக் குழாயை ஒட்டி, அதன் மறுமுனையை அடைத்துவிடுவது. ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் இருக்கும் புகைக்குள் ஒலி நொடிக்கு 480 மீட்டர் ஓடும். நம் 80 'டப்'புக்கு அலைநீளம் 6 மீட்டர். அதில் கால்பங்கு, ஒன்றரை மீட்டர் நீளத்தில் கிளைக் குழாய். அதற்குள் போன அலை முட்டித் திரும்பி வரும்போது நேர்எதிராக மாறியிருக்கும். பெரிய குழாயில் வருகிற அலை மேலே ஏறினால், இது கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். சூடு மாறினால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கவேண்டும். அந்த ஒரு வேகத்துக்குத்தான் இது மருந்து. மற்ற வேகங்களில் வண்டியின் குரல் அப்படியே இருக்கும். வழக்கமாக எத்தனை சுற்றில் ஓட்டுகிறோம் என்று தெரிந்து வைத்தால் போதும்.

இதெல்லாம் பழைய வண்டிகளுக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பி.எஸ்.-6 லாரிகளில் சைலன்சர் வெறும் சத்தப் பெட்டி அல்ல. கரியை வடிகட்டும் சல்லடையும், யூரியாக் கரைசலால் நச்சுப் புகையை முறிக்கும் அமைப்பும் அங்கேதான் இருக்கின்றன. அதில் கை வைத்தால் உணர்விகள் கண்டுபிடித்துவிடும். இழுவையே குறைந்து வண்டி முரண்டு பிடிக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, எல்லா வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. சத்த, புகை வரம்பை மீறும் வண்டிக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டியது. சாலையோர வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும் இது நியாயம். ஆனால், தண்டனைக்குப் பயந்து மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. சத்தம் முதலில் பிடிப்பது ஓட்டுகிறவரின் காதைத்தானே!

நம் உட்காதில் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. மருத்துவர்கள் 'காக்ளியா' என்பார்கள். அந்தச் சொல்லுக்கே நத்தைக்கூடு என்றுதான் அர்த்தம். காதுக்குள் ஒரு சங்கு! அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள். செத்துப் போனால் திரும்ப முளைக்காது. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 88-ல் நாலு மணி, 91-ல் இரண்டே மணி. காது போவதும் சட்டென்று தெரியாது. முதலில் மேல்ஸ்தாயி ஓசைகள்தான் மங்கும். "பேசுறது கேக்கு, என்ன பேசுறாங்கன்னு வெளங்கல" என்பது அதன் முதல் அடையாளம்.

அதனால், புதுச் சைலன்சர் மாட்டியவர் பட்டறை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று கிளம்பிவிட வேண்டாம். சுமை ஏற்றி, வழக்கமாகப் போகிற வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கிளீனரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். அவர் "என்னண்ணே?" என்று கத்தினால், வண்டியைத் திருப்பி அண்ணாச்சியிடமே கொண்டுபோய் விடுங்கள். அலுத்துக் களைத்து வீட்டுக்கு வரும்போது, சின்னக் குரலில் ஒரு பிள்ளை வாசலில் நின்று கூப்பிடும். அது உங்களுக்குக் கேட்கவேண்டும்.