தங்கவயல் காட்சிச்சாலையில் இடம்பெற வேண்டியவை

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் முடிவடைகிறது. 1894-ஆம் ஆண்டில் இடப்பட்ட அப்பாதை, மக்களை ஏற்றிச் செல்வதற்கென்று மட்டும் இடப்பட்டதன்று. பூமியின் அடிவயிற்றிலிருந்து தங்கம் எடுக்கும் ஒரு பெருந்தொழிலுக்காக இடப்பட்டது. அதன் முடிவிடமே கோலார் தங்கவயல். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன்னை உலகுக்கு அளித்த அச்சுரங்கங்கள், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் எந்திரங்கள் நின்றபின் குழிகளில் வெள்ளம் ஏறியது. துருவேறிய இரும்புக் கோபுரங்களும், சாம்பல் நிறச் சயனைடு மேடுகளும், ஓடு சரிந்த மாளிகைகளும் இன்று அவ்வூருக்கு வருவோரை எதிர்கொள்கின்றன.

இத்தகைய ஊரைப் பாழூர் என்றும் பேய்நகர் என்றும் எழுதுவது செய்தியாளர் வழக்கமாயிற்று. திரைப்படங்களும் தங்கவயலின் பெயரை நாடெங்கும் பரப்பிவிட்டன. 2018-இல் வெளிவந்த கன்னடப் படம் ஒரு கற்பனை வீரனைக் காட்டியது. 2024-இல் வெளிவந்த 'தங்கலான்' நம் மக்களின் பக்கத்திலிருந்து அக்கதையைச் சொல்ல முயன்றது. ஆயின் படம் வேறு, வரலாறு வேறு. பாழ்பட்ட சுரங்க நகரங்களைக் காட்சிச்சாலைகளாக ஆக்குவது உலகெங்கும் நடைபெற்று வருகிறது. தங்கவயலுக்கும் அந்நாள் வருமானால், அங்கே கண்ணாடிப் பேழைக்குள் எவை வைக்கப்படும், எவருடைய பெயர் எழுதப்படும் என்பது நம் சமுதாய இளைஞர்கள் இப்பொழுதே எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும்.

பிற நாட்டுப் படிப்பினைகள்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே நமீபியா நாட்டில் கோல்மான்ஸ்கோப் என்றொரு வைர நகரம் இருந்தது. 1908-ஆம் ஆண்டில் இருப்புப்பாதையின் மீது படியும் மணலை அள்ளிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்னும் கறுப்பினத் தொழிலாளர், மின்னும் ஒரு கல்லைக் கண்டெடுத்துத் தம் மேலாளரான அகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொடுத்தார். அக்கல் வைரம். மேலாளர் பெருஞ்செல்வரானார், கண்டெடுத்தவர் எப்பரிசும் பெற்றதாக வரலாறு சொல்லவில்லை. பாலைவனத்தின் நடுவே நடன மண்டபமும் மருத்துவமனையும் எழுந்தன. 1956-ஆம் ஆண்டளவில் ஊர் முற்றிலும் காலியாயிற்று. இன்று வீட்டு அறைகளில் இடுப்பளவு மணல் நிறைந்திருக்கிறது; அதைப் படம்பிடிக்க அயல்நாட்டார் கட்டணம் செலுத்தி வருகின்றனர்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஹம்பர்ஸ்டோன் என்னும் வெடியுப்பு நகரம் 2005-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அந்நாட்டு வெடியுப்பு முகாம்களில் கூலி பணமாகத் தரப்படாமல் வில்லைகளாகத் தரப்பட்டது. அவ்வில்லை நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லும். 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், உரிமை கேட்டு இக்கீக் நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூடியிருந்த தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் படையினரால் சுடப்பட்டனர். அன்றைய வில்லைகளை இன்று பேழைகளில் காண்கிறோம்.

இவ்விரு நகரங்களும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. சுவர்கள் தாமாகப் பேசுவதில்லை. மாளிகையின் சுவர் செங்கல்லாலானது, அது நிற்கும். கூலியாளின் தட்டிச் சுவர் விரைவில் மட்கிவிடும். நின்றதை மட்டும் காட்டினால் ஆண்டவர்களின் வரலாறே மிஞ்சும்.

வாரன் கண்ட குழிகள்

தங்கவயலைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பாடநூல்கள் மைக்கேல் லவேல் என்பார். அயர்லாந்தைச் சேர்ந்த அப்படைவீரர் நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூரில் தங்கி, 1870-களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். பெங்களூரில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் லவேலுக்கு வழி காட்டியது, லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் நில அளவை அதிகாரி அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்பு.

வாரன் 1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்தபோது, அப்பகுதி மண்ணில் பொன் கிடைக்கிறது என்று கேள்வியுற்று உரிகம், மாரிக்குப்பம் ஆகிய சிற்றூர்களுக்குச் சென்றார். ஆங்கே அவர் கண்டது வெறும் நிலமன்று. வேலை நடந்துகொண்டிருந்த சுரங்கம். பறையர் குலத்தைச் சார்ந்த மக்கள் ஒடுங்கிய சிறு குழிகளில் இறங்கிக் கல்லை வெட்டினர். கூடைகளில் நிரப்பிக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினர். பெண்கள் அக்கல்லைப் பாறைமீது வைத்து இடித்துப் பொடியாக்கினர். பின்னர் அப்பொடி நீரில் அலசப்பட்டது. தூசு நீங்க, பொன் துகள் அடியில் தங்கியது.

ஆகவே லவேலுக்கு முன் வாரனும், வாரனுக்கு முன் நம் முன்னோரும் அந்நிலத்தில் நின்றனர். கல்லைக் கண்டு அதன் உள்ளிருக்கும் பொன்னை அறிவது ஒரு கல்வி. எழுத்தில்லாத கல்வியாயினும் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தொழில்நுட்பமே. காட்சிச்சாலையின் முதற்பேழையில் வைக்கத்தக்கது அப்பெண்கள் கல் இடித்த குழவியாகும்.

வந்தவர்கள்

1880-ஆம் ஆண்டு முதல் இலண்டன் நகரத்து ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கு வேரூன்றினர். மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வளர்ந்தன. அவற்றில் இறங்க ஆள் வேண்டியிருந்தது. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. சொந்த நிலமில்லை, பண்ணையில் கூலி தானியமாகவே அளக்கப்பட்டது, தெருவில் நடக்கவும் உரிமையில்லை. தங்கவயலிலோ கூலி காசாகக் கிடைத்தது. உயிருக்கு அஞ்சத்தக்க தொழில் என்று அறிந்தே, சாதிக் கொடுமைக்கு அஞ்சி அங்கே சென்றவர் பலர். ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். அடியில் இறங்கியவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினரே.

வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் கூடிய பங்களாக்களும் பொழுதுபோக்குக் கழகமும் அமைந்தன. அக்குளிர்ந்த மேட்டு நிலத்தைக் குட்டி இங்கிலாந்து என்றே அவர்கள் அழைத்தனர். தொழிலாளருக்கோ ஓரறைத் தட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவ்வரிசைகளுக்கு 'லைன்' என்று பெயர். அந்த ஓரறைக்குள்ளேயே சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, சாவு அனைத்தும் நிகழ்ந்தன.

1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் சுமார் 92 மைல் தூரம் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின் 1905-இல்தான். அம்மின்சாரம் சுரங்க எந்திரங்களை ஓட்டுவதற்கே முதன்மையாகக் கொண்டுவரப்பட்டது.

பூமிக்கு அடியில்

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. குளிர்காற்றை உள்ளே செலுத்தாமல் அங்கு மனிதர் நிற்க இயலாது. பாறையைக் குடைந்து எடுக்க எடுக்க, எஞ்சிய பாறை மேலிருந்து அழுத்தும் பெரும்பாரத்தைத் தாங்கமாட்டாது வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு எனப்படும் அந்நிகழ்ச்சி முன்னறிவிப்பின்றி வரும். சுரங்கத்தில் வேலை நடக்கும் நேரத்தில் லைன் வீடுகளின் தரை அதிர்ந்தால், அடுப்படியில் நின்ற பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து நின்றனர்.

பாறை வெடிப்பு ஒரு நொடியில் கொன்றது. பாறைத் தூசு பல ஆண்டுகளில் கொன்றது. துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து அதனைக் கல்லாக இறுக்கிவிடும். 1940-களில் தங்கவயல் தொழிலாளரிடையே நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களுள் 100-க்கு 40 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றி முதன்முதல் விரிவாக அறியப்பட்ட இடம் தங்கவயலே. இருமி இருமி மாண்ட பாட்டன்மாரைக் காசநோயாளி என்றே குடும்பத்தார் பலர் எண்ணியிருந்தனர்.

தங்கவயலின் சுரங்க ஆழத்தில், 1965-ஆம் ஆண்டில், இந்திய, சப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைப் பதிவு செய்தனர். உலக அறிவியல் போற்றிய நிகழ்ச்சி அது. அந்த ஆழம் வரை பாறையைக் குடைந்து அவர்களுக்கு வழி செய்தவை நம்மவர் கைகள் என்பதையும் அப்பக்கத்தில் எழுதுதல் வேண்டும்.

கைரேகையும் சோதனையும்

தங்கத்தைத் தொட்ட தொழிலாளி வீட்டுக்குத் திரும்பும்போது கள்வனாகவே கருதப்பட்டான். 1897-ஆம் ஆண்டின் மைசூர் சுரங்கச் சட்டம், பொன் கலந்த கல்லையோ மண்ணையோ உரிமையின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. உடற்சோதனை அன்றாட நிகழ்ச்சியாயிற்று. 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிறுவனங்கள் கட்டளையிட்டன. கைரேகை வாங்குவது குற்றவாளிகளிடம் அல்லவா? முறையான தொழிற்சங்கம் என்று ஒன்று இல்லாத அக்காலத்தில், எழுத்தறியாத அம்மக்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்குச் செல்லாமல் நின்றனர். கூலி உயர்வைக் காட்டிலும் மானத்தை முன்னிறுத்தி எழுந்த போராட்டம் அது. பின்னர் சங்கங்கள் தோன்றின. 1946-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து தொழிலாளர்கள் உயிர் நீத்தனர்.

சுரங்கத்துக்கு மேலே எழுந்த நூல்கள்

இருளில் உழைத்த மக்கள் அறிவொளியைத் தாமே தேடிக்கொண்டனர் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கதாகும். பண்டித அயோத்திதாசர் 1898-இல் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் 1907-இல் எழுந்தது. அவ்வாண்டே அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ஆதரித்தவர்களுள் தங்கவயல் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். 1914-இல் பண்டிதர் மறைந்தார். இதழும் பின்னர் நின்றது. 1926-இல் கோ. அப்பாத்துரையார் சாம்பியன் ரீஃபிலிருந்து அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்ட சிறு நூல்கள் தமிழ்நாட்டுச் சேரிகள் வரை சென்றன. நாளெல்லாம் பாறை உடைத்தவன் தன் கூலியில் ஒரு காசை எடுத்து ஏட்டுக்குக் கொடுத்தான். நம் கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அக்காசே அடிக்கல் என்று கூறின் மிகையாகாது.

நம் பெருமையைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைத்தலாகாது. லைன்களின் எடுப்புக் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்தவர்கள் தெலுங்கு பேசும் மற்றொரு ஒடுக்கப்பட்ட மக்கள். சுரங்கத்தில் இறங்கியவனும் அவர்களைத் தனக்குக் கீழாகவே எண்ணினான். அக்குடும்பம் ஒன்றில் 1966-ஆம் ஆண்டில் தங்கவயலில் பிறந்தவரே பெசவாடா வில்சன். தம் ஊரில் தொடங்கிய போராட்டத்தை நாடு முழுமைக்கும் கொண்டுசென்ற அவர், 2016-இல் மகசேசே விருது பெற்றார். பேழைகளுள் ஒன்றில் அந்த மலவாளியும் துடைப்பமும் இருத்தல் வேண்டும். அதைப் பார்க்க நாம் கூசினால், அக்கூச்சமும் நமக்குப் பாடமே.

இளைஞர்களுக்கு

தங்கவயல் இன்றும் ஆளற்ற ஊரன்று. லைன் வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர். விடியற்காலை இருளில் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். காற்று வீசும் காலங்களில் சயனைடு மேட்டுத் தூசு அவர்கள் சோற்றில் விழுகிறது. மக்கள் உயிருடன் வாழும்போதே அவர்கள் ஊரைப் பாழூர் என்பது, அவர்களைக் காணாமற்செய்வதற்குச் சமம். ஆகவே அங்கு எந்தக் காட்சிச்சாலை அமைந்தாலும், அம்மக்களின் குடியிருப்புரிமையும் உடல்நலமும் அதற்கு முன்னதாகக் காக்கப்படல் வேண்டும்.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. கீழே இறங்கி வேலை செய்தவர்கள் முதுமையடைந்துவிட்டனர். ஆண்டுதோறும் சிலர் மறைகின்றனர். நம் சங்க உறுப்பினர்களுள் பாட்டனோ தந்தையோ தங்கவயலில் உழைத்த குடும்பங்கள் பல இருக்கக்கூடும். அவ்வீட்டுப் பரணில் கிடக்கும் அடையாள வில்லை, சம்பளச் சீட்டு, சுரங்க விளக்கு, தலைக்கவசம், பழைய நிழற்படம், மருத்துவச் சான்று ஆகியவை குப்பையல்ல, சான்றுகள். அவற்றைத் துடைத்து, உரியவர் பெயர், ஊர், வேலை செய்த சுரங்கம், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். முதியோர் சொல்லும் செய்திகளை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரி இதற்கென ஒதுக்கப்படுமாயின், அது இவ்வெள்ளி விழாவின் நிலைத்த பயனாகும்.

தங்கவயலின் ஆழ்குழிகள் கிஃபோர்டு, ஹீத்கோட் என்று ஆங்கிலேயர் பெயர்களையே தாங்கியுள்ளன. அக்குழிகளில் இறங்கி மீளாதவர்களின் பெயர்கள் அவரவர் குடும்ப நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. நினைவு ஏட்டில் ஏறினால்தான் வரலாறாகும். எழுதக் கற்ற தலைமுறை நாம். அப்பெயர்களை எழுதிவைக்கும் கடன் நம்முடையது.