டேனிஷ்காரன் புட்டியில் நம்ம ஊர்க் கறி

போன தை மாதம் மகன் கோபன்ஹேகனிலிருந்து வந்தபோது பெட்டியில் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. உள்ளே மஞ்சள் குழம்பில் மீன் துண்டுகள். ஹெர்ரிங் மீன் என்றான். காரைக்காலில் பிரெஞ்சு வகுப்பில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதி மார்க் வாங்கியவன் நான். மீனைக் கண்ணால் பார்க்க அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம்ம மத்திக்கு இது பங்காளி முறை.

"ஏங்க, இதை வேகவே வைக்கலையா?" என்றாள் மனைவி. இல்லை. உப்பில் போட்டு, பிறகு வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைப்பது. அங்கே கறுத்த ரை ரொட்டியின் மேல் வைத்து, வெங்காயத்தோடு சாப்பிடுவார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் ஹெர்ரிங் கட்டாயம் இருக்குமாம். ரை ரொட்டிக்கு நான் எங்கே போவேன்? பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். முதல் வாய் இனித்தது, அப்புறம் புளிப்பு. மனைவி ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். நான் மூன்று சாப்பிட்டேன்.

அந்தப் பண்டத்தின் பெயர் 'கரிசில்'. 'சில்' என்றால் ஹெர்ரிங். 'கரி' நம்ம கறியேதான்.

எங்கள் ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1620இல் ஓவ் கெட்டே என்ற இளைஞர் டென்மார்க் கப்பல்களோடு வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கினார். டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. வந்தது முக்கியமாக மிளகுக்காக. தஞ்சைச் சீமையில் மிளகு விளையாது. ஆனால் துறைமுகம் கைக்கு வந்தால் வேறு இடத்தில் வாங்கி இங்கிருந்து கப்பலேற்றலாம் அல்லவா?

வியாபாரம் நொடித்தது. 1650இல் கம்பெனியையே கலைத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 1655இல் கோட்டைத் தலைவர் இறந்தபோது மிஞ்சியவர் ஒரே டேனிஷ்காரர், எஸ்கில் கோங்ஸ்பாக்கே. 1669இல் 'ஃபேரோ' கப்பல் வரும்வரை உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். வரலாற்றில் இவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ கெட்டேயைவிட இவர்மேல்தான் பிரியம். அத்தனை வருஷம் ஹெர்ரிங்குக்கு எங்கே போயிருப்பார்? கரையில் வலை இழுத்தவர்கள் கொடுத்த மத்தியும் நெத்திலியும்தான் சாப்பிட்டிருப்பார். மகன் அங்கே போன முதல் வருஷம், "மத்தி கிடைக்கலப்பா, இங்க ஒரு மீன் இருக்கு, கிட்டத்தட்ட அதே மாதிரி" என்று போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நெல் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சொல் மட்டும் எப்படியோ போர்த்துகீசியர் வாய் வழியாகவும் ஆங்கிலேயர் வாய் வழியாகவும் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் மிளகு மூட்டைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது, கறி என்றே பெயர் சொல்லி. இதைச் சொன்னதும் மகன் புட்டியை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தான்.

அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு, மனைவி அந்தப் புட்டியைக் கழுவி உப்பு நார்த்தங்காய் போட்டுவைத்திருக்கிறாள். மேலே ஒட்டிய தாளை மட்டும் நான் உரிக்கவிடவில்லை.