மண்சரிவு: மலையகத் தேயிலைத் தோட்டங்களில்

மழைநீர் ஊறிக் கனத்த மலைச்சரிவு பிடி தளர்ந்து, பாறையும் மரமும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழிறங்குவது மண்சரிவு. மட்டக்களப்புப் பக்கம் சூறாவளி என்றால் காற்று. 1978 நவம்பரில் அங்கே கூரையும் தென்னையும் போன கதை தெரிந்ததே. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹற்றன், பதுளைத் தோட்டங்களில் அதே சூறாவளி மண்ணாக வருகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து நகரும் புயல் மலையில் மோதி வேகம் இழந்தாலும், சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும்.

புயல் இல்லாத ஆண்டிலும் ஆபத்து உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹற்றன் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைக்கும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். வருடக் கடைசியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த, பதுளை ஆகிய கிழக்குச் சரிவுகளின் முறை. இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழையும் புயலும் சேர்ந்துகொள்ளும். மழை புதிதல்ல. அது விழும் மலைதான் மாறியது.

மாற்றம் கோப்பியோடு தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடு மளமளவென்று வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழியத் தொடங்க, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை சொன்னார். அந்த உயரத்துக்குக் கீழே தடை ஏதும் இருக்கவில்லை. புல் பூண்டு இல்லாமல் மலையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துரைமாருக்கு அடையாளம் என்றிருந்த காலத்தில் மேல்மண் ஆற்றோடு போனது. சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கான்களும் கல்லணைகளும் நிழல்மரங்களும் ஓரளவு தடுத்தன. கான் தூர்ந்துவிட்டால் கதை தலைகீழ்: ஓடவேண்டிய தண்ணீர் தேங்கி, மலைக்குள் இறங்கும். விதைத் தேயிலையின் ஆழமான ஆணிவேர், பின்னாளில் தண்டிலிருந்து வளர்த்து நட்ட செடிகளுக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1947 ஆகஸ்ட்டில் மகாவலி பெருக்கெடுத்தபோது கொத்மலைப் பக்கம் மலைகள் சரிந்தன. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் நேர்ந்த சரிவுகளில் 51 பேர் இறந்த பிறகே ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது எனலாம். 1984இல் அமைந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் ஆபத்துப் பகுதிகளை வரைபடமாக்கியது. 1992இல் வட்டவளையில் மலை நகர்ந்து மலைநாட்டுப் புகையிரதப் பாதையைக் குலைத்தது. சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் பிறந்தது.

இன்றைய எச்சரிக்கைக்கு மூன்று படி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஊற்றுநீர்ப் பீலி என்று மலையும் தன் பங்குக்கு முன்னறிவிக்கும்.

அறிவிப்பு கிடைத்தவர் எங்கே போவது? இந்தக் கேள்வியில்தான் மலையகத்தின் மண்சரிவு வேறு இடங்களின் மண்சரிவிலிருந்து விலகுகிறது. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தவர் தோட்டத்துரை. பள்ளத்தடியோ ஓடையோரமோ, தேயிலைக்கு உதவாத துண்டு அதற்குப் போதும். பத்தடிக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்தவருக்கு நிலமும் சொந்தமில்லை, கூரையும் சொந்தமில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறு. முதலில் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனதாகச் சொல்லப்பட்டது, பின்னர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எத்தனை பேர் அங்கே வசித்தார்கள் என்பதையே உடனே சொல்ல முடியாதது தனிச் செய்தி. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நீண்டகாலம் தங்கி, 2016இல் 75 புதிய வீடுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோதும் மக்கள் அடைக்கலமானது ஒரு பழைய தொழிற்சாலையில்தான்.

இதற்கிடையே 2016 மே 17இல், ரோனு புயலின் மழையில், கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மலை இறங்கியது. லயங்களுக்குப் பதில் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் 2015இல் தொடங்கியது. இந்திய உதவியோடும் வீடுகள் எழுகின்றன. தேவைக்கு அது எட்டவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. 28ஆம் திகதி கரைதொட்டு, மெல்ல நகர்ந்து, மலையகத்தில் பேய்மழையைக் கொட்டியது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவே பெரிதும் கொன்றது. வீதியும் தொலைபேசியும் அறுந்து தோட்டங்கள் பல நாட்கள் தனித்தன. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியே கிடைத்தன என்ற குறை பரவலாக எழுந்தது. வீடிழந்தோருக்கு வீடு கட்டவும் காணி வாங்கவும் அரசு பெருந்தொகை அறிவித்தது. சொந்த வீடே இல்லாத லயத்துக் குடும்பம் எந்தப் பட்டியலில் வரும் என்ற சர்ச்சை, சேறு காயும் முன்பே தொடங்கிவிட்டது.