தாகமும் சொல்லும்

தாகம் உயிர்க்கு இயற்கை. அதனை எதைக்கொண்டு தணிப்பது என்பது பழக்கம். இயற்கை மாறுவதில்லை, பழக்கமோ மாற்றப்படுகிறது. அம்மாற்றத்தைச் சொல்லாலும் படத்தாலும் இசையாலும் நிகழ்த்தும் தொழிலுக்கே விளம்பரம் என்று பெயர். காலையில் நீராகாரமும் நண்பகலில் மோரும் அருந்திய தமிழ்நாடு, தேநீர்க்கும் காப்பிக்கும் வண்ணக் குளிர்பானங்களுக்கும், இறுதியில் புட்டியில் அடைத்த தண்ணீர்க்கும் பழகியது ஏறக்குறைய ஒரே நூற்றாண்டில்தான். சென்னையின் தென்புறமாகத் தாம்பரம் வரை நீளும் இரயில் பாதையும் அதனருகே ஓடும் பெருஞ்சாலையும் இம்மாற்றத்தை நன்கு கண்டவை. சொல்லைக் கருவியாகக் கொண்ட கவிஞர்க்கு இவ்வரலாறு அயலான ஒன்றன்று. அவர்தம் கருவியே இங்கு வாடகைக்கு அமர்த்தப்பட்டது.

தேநீர் வந்த வழி

தேயிலை இந்தியாவில் பெருமளவில் விளைந்தபோதும் நெடுங்காலம் அதனைக் குடித்தவர் அயல்நாட்டினரே. உள்நாட்டிலேயே குடிப்போரை உண்டாக்க வேண்டும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்கு எழுந்தது. 1903இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி ஏற்றுமதியாகும் தேயிலைமீது சிறுவரி விதிக்கப்பட்டு, அத்தொகை பரப்புரைக்கெனச் செலவிடப்பட்டது. 1930களில் இம்முயற்சி முழு வேகம் பெற்றது. இரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் தேநீர் போட்டுக் காட்டப்பட்டது. சிறு பொட்டலங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. தேநீர் தயாரிக்கும் முறையைப் படிப்படியாக வட்டார மொழிகளில் விளக்கும் எனாமல் தகடுகள் இரயில் நிலையங்களில் பதிக்கப்பட்டன.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே மேடையில் காத்து நிற்கும் மக்கள் கூட்டம் இதனால் உருவாயிற்று. காத்திருப்பவன் கண்ணில் படும் பலகையை ஒரு முறையன்று, நூறு முறை படிக்கிறான். திரும்பத் திரும்பக் கேட்பதே உண்மையெனத் தோன்றும் மனித இயல்பை விளம்பரம் முதலில் கண்டுகொண்ட இடங்களுள் இரயில் மேடையும் ஒன்று.

இப்பரப்புரைக்கு எதிர்ப்பும் இருந்தது. தேநீர், காப்பி, கோக்கோ ஆகியவை உடலுக்குத் தேவையற்றவை என்று காந்தியடிகள் எழுதினார். தோட்டத் தொழிலாளர் பட்ட துன்பம் தேயிலையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வெதிர்ப்பை விளம்பரம் வாதாடி வெல்லவில்லை. எதிராளியின் சின்னத்தையே எடுத்துக்கொண்டது. 1947இல் வங்க ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டியில் இராட்டையருகே அமர்ந்த பெண்ணொருத்தி தேநீர் அருந்துகிறாள். தேநீர் நூற்றுக்கு நூறு சுதேசிப் பொருள் என்கிறது அதன் வாசகம். வெள்ளையர் தோட்டத்துப் பண்டம் ஒரே படத்தில் விடுதலையின் பானமாயிற்று.

காப்பியும் ஊர் நினைவும்

காப்பியின் வரவை ஆ.இரா.வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தொடக்கத்தில் குடும்பத்தைக் கெடுக்கும் பழக்கமெனப் பழிக்கப்பட்ட காப்பி, சில பத்தாண்டுகளில் நடுத்தர வகுப்பின் அடையாளமாக உயர்ந்தது.

தொலைக்காட்சி வந்தபின் அவ்வடையாளம் இசையோடு வீட்டுக்குள் நுழைந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. தூர்தர்ஷனில் விளம்பரங்கள் 1976 முதல் இடம்பெற்றன. பின்னாளில் ஏ.ஆர்.ரகுமான் எனப் புகழ்பெற்ற இளைஞர் அக்காலத்தில் விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்தார். அரவிந்த்சாமி தோன்றிய லியோ காப்பி விளம்பரம் அவற்றுள் ஒன்று. இவ்விருவரும் 1992இல் ‘ரோஜா’வில் இணைந்தனர். திரையிசையின் ஒரு திருப்பம் காப்பிக் கோப்பையின் அருகில் ஒத்திகை பார்க்கப்பட்டது எனலாம். அரை நிமிடத்துக்குள் ஓர் உணர்வை எழுப்பி முடிக்கும் சுருக்கம் கவிதைக்கு மட்டுமே உரியதன்று என்பதனை அவ்விளம்பரங்கள் மெய்ப்பித்தன.

தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்னும் பலகைகள் பின்னர் வரிசையாக எழுந்தன. கும்பகோணம் செல்வதற்கு அங்கிருந்து இன்னும் பல மணி நேரம் பயணம் இருக்கிறது. ஆயினும் பித்தளை டவராவும் டம்ளரும் கையில் வந்தவுடன் ஊர் வந்துவிட்டாற் போன்ற மயக்கம் பிறக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து புறநகரில் குடியேறியோர்க்கு அங்கு விற்கப்படுவது காப்பி மட்டுமன்று; விட்டுவந்த ஊரும்தான்.

குடியாதே என்ற விளம்பரம்

பானத்தைக் குடிக்கச் செய்வதற்கு மட்டும் சொல் பயன்படவில்லை; குடிக்காமல் தடுக்கவும் பயன்பட்டது. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் இராஜாஜி ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழைத் தொடங்கினார். அவர்க்கு உதவியாக நின்றவர் கல்கி. கதையும் படமும் பாட்டுமாகக் குடியின் கேட்டை அது எடுத்துரைத்தது. கண்ணீர் விடும் மனைவி, பசித்த குழந்தை, அடகு போன பாத்திரம் ஆகிய காட்சிகள் அறிவுரையினும் ஆழப் பாயும் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். ஆதலின் உணர்ச்சியைத் தூண்டுதல் தன்னளவிலேயே குற்றமாகாது. எதற்காகத் தூண்டப்படுகிறது, தூண்டுபவர் தாம் சொல்வதை நம்புகிறாரா என்பனவே கேள்விகள்.

1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டு 1974இல் மீண்டது, மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பெற்றது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அந்தக் கடைகளுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை, பெயர்ப்பலகையே போதுமானதாயிற்று. எல்லாக் குடிப்பழக்கத்துக்கும் விளம்பரமே வேர் என்று முடிவு கட்டுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

மறுபுறம், மதுவை நேரடியாக விளம்பரப்படுத்துவதற்குத் தொலைக்காட்சியில் தடை இருந்ததால், அதே பெயரில் சோடாவும் குடிநீரும் இசை ஒலிநாடாவும் விளம்பரமாயின. சொல்லப்படாத பொருளைக் கேட்போன் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். இறைச்சிப் பொருள் இதே உத்திதான், நோக்கம்தான் வேறு. தமிழில் ‘தண்ணி’ என்னும் ஒரு சொல்லே இரு பொருளையும் சுமப்பதனை நினைத்தால், இம்மறைமொழி தமிழர்க்கு எத்துணை எளிதில் விளங்கியிருக்கும் என்பது புலனாகும்.

‘கலர்’ கண்ட போர்

விருந்தினர் வந்தால் பெட்டிக்கடையிலிருந்து ‘கலர்’ வாங்கிவரச் சொல்வது தமிழகத்து வழக்கம். அக்கலர்களைத் தந்தவை பெரும்பாலும் வட்டாரத் தொழிற்சாலைகள். விருதுநகரில் 1916இல் பி.வி.எஸ்.கே.பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் அவற்றுள் முதன்மையானது. அதன் பொவொண்டோ 1950களின் இறுதியில் வெளிவந்தது.

1977இல் கொக்கோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அவ்விடத்தை நிரப்ப வந்த தம்ஸ் அப் முதலியவற்றை 1993இல் திரும்பி வந்த அதே நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. பெப்சியோ 1990இலேயே சந்தைக்கு வந்திருந்தது. 1996 உலகக்கோப்பைக் கிரிக்கெட்டில் இருவர் போரும் உச்சத்தை எட்டியது. அதிகாரபூர்வமான பானம் என்னும் தகுதியைக் கொக்கோ கோலா பணம் கொடுத்துப் பெற்றது. பெப்சியோ தன்னிடம் அதிகாரபூர்வமானது எதுவும் இல்லை என்று பெருமையோடு அறிவித்தது. இல்லாமையையே பெருமிதமாக்கிய அந்த ஒரு வாக்கியம் வாங்கிய தகுதியை மங்கச் செய்தது.

அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் இந்திக் கவிஞர் பிரசூன் ஜோஷி, குளிர்ந்தது என்னும் பொதுச்சொல்லின் பொருளே கொக்கோ கோலாதான் என்று கூறும் விளம்பரத்தை எழுதினார். இலக்கணத்தில் இதற்கு உறவான ஒன்று உண்டு, அதுவே ஆகுபெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு வழங்குவது மொழியில் இயல்பாக, மெல்ல நிகழும். விளம்பரம் அதனை விலை கொடுத்து விரைவில் நிகழ்த்த முயல்கிறது. புட்டித் தண்ணீர் அனைத்தையும் ‘பிஸ்லரி’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் அம்முயற்சி வென்றதற்குச் சான்று.

2003இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக வெளியிட்டது. 2004இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் அதனை ஏற்றது. 2017 சனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களின் எழுச்சியைத் தொடர்ந்து, அவ்வாண்டு மார்ச் 1 முதல் பெப்சி, கொக்கோ கோலா விற்பதில்லை என வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நீர்வளம் உறிஞ்சப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்நாள்களில் பொவொண்டோவை மக்கள் தேடி வாங்கினர். நட்சத்திரங்களால் ஊட்டப்பட்ட ஆசையை மண்ணின் உணர்வு சிலகாலமேனும் வென்றது. ஆயினும் அவ்வெற்றியும் ஓர் உணர்ச்சியின் வெற்றியே என்பதை மறத்தலாகாது. அதில் சர்க்கரையின் அளவு பற்றி எவரும் கேட்கவில்லை.

அச்சம் விற்ற புட்டி

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் விளம்பரத்துக்குப் பெரிதும் கைகொடுத்தவை உவகையும் பெருமிதமும் என்று தோன்றலாம். உண்மையில் அச்சத்தின் பங்கு சிறிதன்று. 1930களில் இங்கிலாந்தில் ஹார்லிக்ஸ் நிறுவனத்தார் ‘இரவுப் பட்டினி’ என்னும் ஒரு குறையைத் தாமே புனைந்து, அதற்கு மருந்தாகத் தம் பானத்தை விற்றனர். முதலில் நோய், பிறகு மருந்து.

தாம்பரத்தை அடுத்துள்ள சானடோரியம், மருத்துவர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற ஊர். நோயாளியைக் காணச் செல்வோர் ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடியும் வாங்கிச் செல்வது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். நோயாளியின் பானமாயிருந்த அது பின்னர்ப் பள்ளிச் சிறுவர்க்கு உயரமும் வலிவும் கூர்மையும் தரும் பானமாக அறிவிக்கப்பட்டது. இங்கே விலை போனது தாயின் அச்சம்: தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் அச்சம். 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் இடுதல் கூடாது என மைய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைக்கு வரையறையே இல்லை என்பதும் அப்போதுதான் பலர்க்குத் தெரிந்தது.

ஆற்றுப்படையும் அதன் நிழலும்

பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை வள்ளலிடம் செல்லுமாறு வழிகாட்டுவது ஆற்றுப்படை. அதில் உணவும் பானமும் நாவூறப் புனையப்படும். நட்சத்திர விளம்பரத்தின் அமைப்பும் இதுவே: நான் பெற்றேன், நீயும் பெறு. வேறுபாடு ஒன்றே. ஆற்றுப்படையின் குரல், உண்டவன் குரல்.

அவ்வேறுபாட்டை உணர்ந்தோர் சிலர் உண்டு. 2001இல் அனைத்து இங்கிலாந்துப் பட்டம் வென்ற இறகுப்பந்து வீரர் கோபிசந்த், தாம் அருந்தாத குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்ய மறுத்தார். ஆசிரியர் நஞ்சு என்று சொன்ன பானத்தை நீங்கள் ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்று செய்ப்பூரில் ஒரு சிறுமி கேட்ட கேள்வியே தாம் பெப்சியை விட்டு விலகக் காரணம் என அமிதாப் பச்சன் 2014இல் கூறினார். இன்று சட்டமும் இதனைக் கேட்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தில் பரிந்துரைப்பவரையும் பொறுப்பாக்கியது. 2022இன் வழிகாட்டு நெறிகள், பரிந்துரை என்பது சொல்பவரின் நேர்மையான கருத்தாகவும் போதிய அறிவையோ அனுபவத்தையோ சார்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்றன. மறைமுக மது விளம்பரத்தையும் தடை செய்தன. பொருநனும் பாணனும் இயல்பாகக் கடைப்பிடித்த ஒழுக்கத்தை, ஈராயிரம் ஆண்டுக்குப் பின் அரசிதழில் அச்சிட வேண்டியதாயிற்று.

எஞ்சிய தண்ணீர்

பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தின் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. குரோம்பேட்டை என்ற பெயரே தோல் ஆலையிலிருந்து வந்தது. கிணறு கெட்ட இடத்தில்தான் ‘தூய்மை’ என்ற சொல்லுக்கு விலை ஏறும். 2001 முதல் புட்டிக் குடிநீர்க்குத் தர முத்திரை கட்டாயமானது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரிக்கும் கேனுக்கும் காத்திருந்த தெருக்களில் தென் புறநகர்த் தெருக்களும் இருந்தன. அங்கு எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. தாகமே போதுமானதாயிருந்தது.

ஊரார்க்கு இலவசமாக மோரும் தண்ணீரும் வழங்க மரத்தடியில் தண்ணீர்ப்பந்தல் அமைத்த மரபு தமிழர்க்கு உண்டு. அதில் பானை இருந்தது, குவளை இருந்தது. வந்து குடியுங்கள் என்று அழைக்க ஒரு வாய் இருந்தது. அவ்வழைப்புக்கும் விளம்பரத்துக்கும் சொல் ஒன்றே. அழைத்தவர்க்குத் தண்ணீர்மீது இருந்த பொறுப்புத்தான் வேறு. சொல்லை ஆள்வோர் மறவாமல் காக்க வேண்டியது அப்பொறுப்பையே.